தீருவை விழத்தள்ளியது யார்?

கேள்வி – பிப்ரவரி 9, மாலை 6.15

செல்வத்தில் புரளும் பட்டணம் எதுவானாலும் கர்த்தர் ஒருநாள் அதைத் தரைமட்டமாக்குவார். வேதாகமத்தில் ஏசாயா 23, எசேக்கியேல் 26 இரண்டையும் படித்துப் பாருங்கள். பழைய கடல்வணிகப் பட்டணமான தீரு இன்று வெறும் பாறை, மீனவர் வலை காயப்போடும் இடம். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

பதில் – பிப்ரவரி 9, இரவு 10.40

மறுக்க வரவில்லை. பாதிக்குமேல் ஒத்துப்போகிறேன். ஏசாயா 23-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் நேரடியாகவே கேள்வி கேட்கிறது: இவ்வளவு பெரிய பட்டணத்துக்கு எதிராக இதைத் தீர்மானித்தது யார்? அடுத்த வசனத்திலேயே பதில்: சேனைகளின் கர்த்தர். சந்தை சரிந்தது, கூட்டாளி கைவிட்டான், கடல்வழி மாறியது என்றெல்லாம் தீர்க்கதரிசி சுற்றிவளைக்கவில்லை.

ஆனால் "செல்வத்தில் புரளும் பட்டணம் எதுவானாலும்" என்று நீங்கள் எழுதிய இடம் நெருடுகிறது. "ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை" என்பது அதைவிட நெருடுகிறது. காரணத்தை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 10, காலை 7.05

எழுத்துப் பிசகாத கதையை முதலில் முடிக்கிறேன். அதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வேதபாட வகுப்பில் எசேக்கியேல் 26 எடுத்தேன். கரும்பலகையில் கடற்கரை, அதற்கு எதிரே ஒரு தீவு. "பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கரையிலிருந்த ஊரை இடித்தான், அலெக்சாந்தர் அந்த இடிபாடுகளையே கடலில் கொட்டித் தீவுக்குப் பாதை போட்டான், கல்லும் மரமும் மண்ணும் தண்ணீருக்குள் போகும் என்ற 12-ஆம் வசனம் நிறைவேறிற்று, இனி ஒருபோதும் கட்டப்படாது என்ற 14-ஆம் வசனமும் நிறைவேறிற்று" என்று சுண்ணக்கட்டியால் தட்டித் தட்டிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண், பதினாறு பதினேழு வயது இருக்கும், கையைத் தூக்கினாள். "அப்படியென்றால் பவுல் ஏழு நாள் எங்கே தங்கினார்?"

அப்போஸ்தலர் 21:4. கப்பல் தீருவில் சரக்கு இறக்குகிறது, பவுல் அங்கே சீஷர்களைக் கண்டு ஏழு நாள் தங்குகிறார். அலெக்சாந்தர் போய் ஏறக்குறைய முந்நூற்றுத் தொண்ணூறு வருடம் ஆன பிறகும் துறைமுகம் ஓடுகிறது, சபையும் இருக்கிறது. நான் ஏதோ சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை, காது சூடானது மட்டும் நினைவிருக்கிறது.

பிப்ரவரி 10, காலை 7.30

விட்டுப்போனது: தீரு இன்றும் இருக்கிறது. லெபனானில் சூர் என்ற நகரம். 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. அலெக்சாந்தர் போட்ட பாதையின் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து தீவே கரையோடு ஒட்டிவிட்டது. வலை காய்கிற படம் உண்மைதான். படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் வீடுகளும் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, இரவு 9.20

இருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்கள், தீர்க்கதரிசனம் பொய் என்கிறாயா என்று. இல்லை. எசேக்கியேலையே கேட்போம் என்கிறேன்.

26-ஆம் அதிகாரம் பதினோராம் வருஷம் என்று தேதி போட்டுத் தொடங்குகிறது. 29:17 இருபத்தேழாம் வருஷம். பதினாறு வருட இடைவெளி. அந்தப் பின்னைய குறிப்பில் என்ன இருக்கிறது? நேபுகாத்நேச்சாரின் சேனை தீருவுக்கு எதிராகக் கடுமையாக உழைத்தது. சுமந்து சுமந்து ஒவ்வொரு தலையும் மொட்டையானது, ஒவ்வொரு தோளிலும் தோல் உரிந்தது. ஆனாலும் அவனுக்கும் அவன் சேனைக்கும் தீருவிலிருந்து கூலி கிடைக்கவில்லை. ஆகவே எகிப்தைக் கூலியாகக் கொடுக்கிறேன் என்கிறார் கர்த்தர்.

முற்றுகை பத்து வருடம் நடந்ததாக யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதுகிறார். கரையில் இருந்த ஊர் போனது, தீவு தப்பியது, ஏதோ உடன்பாட்டில் முடிந்தது என்பதுதான் பொதுவாக வரலாற்று அறிஞர்கள் சொல்வது. எதிர்பார்த்த கொள்ளை கிடைக்கவில்லை என்பதைத் தீர்க்கதரிசியே, தன் புத்தகத்திலேயே, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். 26-ஐ அழித்துவிட்டுத் திருத்தி எழுதவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவருக்கு இல்லாத பதற்றம் நமக்கு எதற்கு?

அந்தத் தோள் வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பேரரசனின் முகம் தெரிவதில்லை. கூடை சுமந்தவன்தான் தெரிகிறான். பாபிலோனிலிருந்து இழுத்துவரப்பட்டு, யாரோ ஒருவருடைய மண்மேட்டுக்கு மண் சுமந்து, வெறுங்கையோடு திரும்பினவன். கர்த்தர் அவன் தோளையும் பார்த்திருக்கிறார்.

பிப்ரவரி 11, இரவு 9.45

திருத்தம். பத்து வருடம் இல்லை, பதின்மூன்று. அலெக்சாந்தர் எடுத்துக்கொண்டது ஏழு மாதம், கி.மு. 332-இல். வேகமாகத் தட்டினால் இப்படித்தான்.

பிப்ரவரி 12, பகல் 1.10

"அவன்", "அவர்கள்" விளக்கத்தை ஒருவர் எடுத்துவைத்திருக்கிறார். 26:7 முதல் 11 வரை "அவன்" – நேபுகாத்நேச்சார். 12-இல் திடீரென்று "அவர்கள்". 3-ஆம் வசனத்தில் கடல் அலைகளைப் போல அநேக ஜாதிகள் வருவார்கள் என்று இருப்பதால், அலைக்குப் பின் அலை, அலெக்சாந்தர் அடுத்த அலை. நல்ல விளக்கம்தான், நானும் கரும்பலகையில் இதைத்தான் சொன்னேன். ஆனால் இலக்கணத்தை இவ்வளவு இழுத்த பிறகும் 14-ஆம் வசனம் மிச்சமிருக்கிறது. கரையிலிருந்த ஊரைப் பற்றியது என்கிறார்கள் சிலர், பாட்டு நடை என்கிறார்கள் சிலர். எரேமியா 18-இல் குயவன் வீட்டில் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று சொன்ன பிறகும் அது திரும்பினால் நானும் மனம் மாறுவேன். சொன்னவருக்கு அந்த உரிமை இல்லையென்றால் பிறகு அது என்ன சர்வ ஆளுகை? நம் வாயிலிருந்து அவருடைய வார்த்தையை எடுத்து அவரையே கட்டிப்போடுகிறோம்.

தீருவுக்கும் ஒரு கதவு திறந்திருந்தது. எரேமியா 27-ஐப் பாருங்கள். தீருவின் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருக்கிறார்கள். ஏதோம், மோவாப், அம்மோன், சீதோன் தூதர்களும். நுகத்தைச் செய்து அவர்கள் கையில் அனுப்பச் சொல்கிறார் கர்த்தர். பாபிலோன் ராஜாவின் நுகத்துக்குள் கழுத்தைக் கொடுக்கிற ஜாதி தன் தேசத்தில் தங்கிப் பயிரிடலாம். நேபுகாத்நேச்சாரை அங்கே "என் ஊழியக்காரன்" என்றே அழைக்கிறார். அந்த நாள் எருசலேமில் அந்த வார்த்தை எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 13, இரவு 11.00

இப்போது "செல்வத்தில் புரளும் பட்டணம் எதுவானாலும்" என்பதற்கு வருகிறேன்.

தீருவின் செல்வம் எங்கிருந்து வந்தது? பெரிய பங்கு நத்தையிலிருந்து. கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து எடுத்த ஊதாச் சாயம். 1909-இல் ஃபிரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் அந்தச் சாயத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். 12,000 நத்தைகளிலிருந்து கிடைத்தது 1.4 கிராம். ஒரு மேலாடையின் ஓரத்துக்கு மட்டுமே காணும். ராஜாக்கள்தான் உடுத்த முடிந்தது என்பதில் என்ன ஆச்சரியம்? சாயப்பட்டறைகளால் அந்த ஊரில் குடியிருப்பதே சிரமம், ஆனால் அவைதான் ஊரைச் செல்வமாக்கின என்று ஸ்திராபோ என்ற கிரேக்கப் புவியியல் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அரண்மனையில் மணந்த துணி, செய்த ஊரில் மூக்கைப் பிடிக்க வைத்தது.

எசேக்கியேல் 27 இந்த வணிகத்தைப் பற்றிப் பேசும் விதத்தைப் பாருங்கள். தீரு ஒரு கப்பல். பலகைக்குச் சேனீரின் தேவதாரு, பாய்மரத்துக்கு லீபனோனின் கேதுரு, துடுப்புக்குப் பாசானின் கர்வாலி, பாய்க்கு எகிப்தின் சித்திரத்தையல் சணல். பிறகு சரக்குப் பட்டியல்: தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், யூதாவிலிருந்து கோதுமை, தேன், எண்ணெய். வெறுப்பவன் இப்படிப் பட்டியல் போடமாட்டான். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்தவன் கை தெரிகிறது. அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கர்த்தர் சொல்கிறார், தீருவின்மேல் புலம்பல் பாடு என்று. விழவேண்டும் என்று தீர்மானித்தவரே அழவும் பாட்டு எழுதிக்கொடுக்கிறார்.

வணிகம் தப்பு என்று அங்கே எழுதியில்லை. 13-ஆம் வசனத்தில் ஒரு வரி மட்டும் தொண்டையில் சிக்குகிறது: யாவான், தூபால், மேசேக் என்ற ஜாதிகள் கொண்டுவந்தவை மனுஷரும் வெண்கலப் பாத்திரங்களும். மனிதனும் பாத்திரமும் ஒரே மூச்சில். ஆமோஸ் 1:9-இல் தீருவின்மேல் வைத்த குற்றச்சாட்டும் இதுவே: சிறைப்பட்டவர்களை மொத்தமாக ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தது, சகோதர உடன்படிக்கையை நினைக்காதது. தீருவின் ராஜா ஈராம் சாலொமோனுக்குக் கேதுரு அனுப்பிய நாளைத்தான் அந்த உடன்படிக்கை நினைவூட்டுகிறது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 14, காலை 6.50

நேற்று ராத்திரி முக்கியமானதை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான், எழுதத் தயக்கம்.

26:2. தீருவின்மேல் நியாயத்தீர்ப்பு வர எசேக்கியேல் முதலில் சொல்லும் காரணம் செல்வமோ நத்தையோ இல்லை. எருசலேம் இடிந்தபோது தீரு "ஆ! ஆ!" என்றது. ஜனங்களின் வாசலாய் இருந்த பட்டணம் உடைந்தது, இனி எல்லாம் என் பக்கம் புரண்டு வரும், நான் நிரம்புவேன் என்றது. எதிரி விழுந்த சந்தோஷம்கூட இல்லை இது. போட்டிக் கடை மூடிய சந்தோஷம்.

நான் அச்சகம் நடத்தியவன். எங்களுக்குப் போட்டியாக இன்னொரு அச்சகம் இருந்தது, பெயர் வேண்டாம். அதன் முதலாளி எங்கள் விலைக்குக் கீழே விலை சொல்லி வேலைகளைப் பிடித்துக்கொண்டே போனார். ஒரு வருடம் கடன் கழுத்தை நெரித்து, இயந்திரங்களை விற்று மூடினார். எனக்குச் செய்தி வந்தது மாலையில். "கர்த்தர் நியாயம் செய்கிறவர்" என்று வீட்டில் சொன்னேன், உரக்கவே. பிறகு மேஜையில் உட்கார்ந்து, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில், பென்சிலால், அவருடைய வாடிக்கையாளர் பெயர்களை எழுதினேன். பதினொரு பெயர். யார் யார் நம்மிடம் வருவார்கள் என்று பக்கத்தில் குறி போட்டேன். அதைச் செய்துகொண்டே ஜெபமும் பண்ணினேன் என்று நினைக்கிறேன்.

பிறகு வெகுநாள் கழித்துத்தான் 26:2 என் கண்ணில் பட்டது. அதாவது அதற்கு முன் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், கண்ணில் பட்டது அப்போதுதான். அந்தப் பில்லைத் தேடினேன். பெயர்கள் மங்கியிருந்தன, குறிகள் அழுத்தமாக இருந்தன.

பிப்ரவரி 14, மாலை 5.30

சிலர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள், எல்லா வியாபாரியும் செய்கிறதுதானே என்று. ஆமாம், தீருவும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

பிப்ரவரி 16, இரவு 10.15

கேள்வி கேட்டவர் நல்ல இடத்தில் பிடித்துவிட்டார். வெளிப்படுத்தின விசேஷம் 18:20. பாபிலோன் விழும்போது, பரலோகமே களிகூரு என்று இருக்கிறதே, அப்புறம் சந்தோஷப்படுவது எப்படிப் பாவமாகும்? நாகூமின் கடைசி வசனத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்: அசீரியாவின் தலைநகர் நினிவே விழுந்த செய்தி கேட்டவர்கள் எல்லாரும் கைகொட்டுகிறார்கள்.

இரண்டு நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். யார் கைகொட்டுகிறார்கள் என்று நாகூம் அதே வசனத்தில் சொல்லிவிடுகிறார்: உன் பொல்லாப்பு யார்மேல் பாயாமல் இருந்தது? வெளிப்படுத்தின விசேஷத்திலும் அப்படியே. 18-ஆம் அதிகாரத்துச் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி அடிமைகளிலும் மனுஷருடைய ஆத்துமாக்களிலும் முடிகிறது. எசேக்கியேல் 27:13-இன் எதிரொலி. பட்டியலின் கடைசியில் சரக்காக நின்றவன், கப்பல் மூழ்கும்போது கைதட்டினால் அவனை யார் குறைசொல்ல முடியும்? அதே அதிகாரத்தில் வியாபாரிகளும் அழுகிறார்கள்; இனி எங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று. அந்தக் கண்ணீர் சுத்தமானது இல்லை, இந்தக் கைதட்டல் அசுத்தமானதும் இல்லை.

நான் எந்தப் பட்டியலிலும் சரக்காக நின்றதில்லை. போட்டியாளர் என்னை விற்கவில்லை, விலையைக் குறைத்தார், அவ்வளவுதான். களிகூரு என்ற அழைப்பு எனக்கு வந்த கடிதம் இல்லை.

ஆகவே 14-ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் மாற்றுகிறேன். விழுந்ததற்காக மகிழ்வதே தவறு என்ற தொனி அதில் வந்துவிட்டது. அப்படி இல்லை.

பிப்ரவரி 17, காலை 8.00

சின்ன விலகல். அலெக்சாந்தர் தீருவைப் பிடித்தபோது பக்கத்துப் பட்டணமான சீதோனின் மக்கள் அவன் பக்கம் கப்பல் ஓட்டினார்கள். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும், பழைய உறவை நினைத்து, தீரியரைத் தங்கள் கப்பல்களில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். பதினையாயிரம் பேர் தப்பியதாகக் குர்த்தியுஸ் என்ற ரோம எழுத்தாளர் எழுதுகிறார். வென்றவனின் படையில் நின்றுகொண்டே விழுந்தவனைக் கப்பலின் அடித்தளத்தில் படுக்கவைத்தவர்கள். "ஆ! ஆ!" என்பதற்கு நேர் எதிரான செயல் எனக்குத் தெரிந்து இதுதான். அவர்கள் பாகால் என்ற வேறு தெய்வத்தை வணங்கியவர்கள் என்பது வேறு விஷயம். இல்லை, அதுதான் விஷயமோ?

பிப்ரவரி 18, இரவு 9.50

ஆமோஸ் 3:6 எழுதவில்லையே என்று ஒருவர். ஊரில் தீங்கு உண்டானால் கர்த்தர் அதைச் செய்யாமல் இருப்பாரோ என்ற வசனம். அதை நான் நம்புகிறேன், ஒதுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து "இந்த ஊர் விழுந்தது, ஆகவே இந்த ஊரின் பாவம் இன்னது" என்று பின்னோக்கிக் கணக்குப் போட எனக்கு அனுமதி இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரிலும் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். அல்ல என்றார் (லூக்கா 13). 1755 நவம்பர் 1 காலை லிஸ்பனில் நிலம் அதிர்ந்தபோது சகல பரிசுத்தவான்களின் பண்டிகை, ஆலயங்கள் நிரம்பியிருந்தன. கூரைகள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தன. அன்றைக்கும் காரணம் சொல்லப் பிரசங்கிகள் இருந்தார்கள்.

எசேக்கியேலுக்குக் காரணம் சொல்லப்பட்டது. நமக்குச் சொல்லப்படவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

பிப்ரவரி 18, இரவு 10.05

கோடாரி தன்னால் வெட்டுகிறவனுக்கு மேலாகப் பெருமை பாராட்டலாமா என்ற வசனம் ஆபகூக்கில் இருப்பதாக முன்பு யாரிடமோ சொல்லியிருக்கிறேன். ஏசாயா 10:15. அசீரியாவைப் பற்றியது. மன்னிக்கவும்.

பிப்ரவரி 21, மாலை 4.20

கேள்வி கேட்டவர் இப்போது வேறு தொனியில் எழுதியிருக்கிறார்: அப்படியானால் தீருவின் முடிவு என்ன, நியாயத்தீர்ப்பா இரக்கமா?

ஏசாயா 23-ஐ 14-ஆம் வசனத்தோடு மூடிவிடுகிறோம், அதுதான் சிக்கல். எழுபது வருஷம் கழித்துக் கர்த்தர் தீருவைச் சந்திப்பார், அது மறுபடி வணிகத்துக்குத் திரும்பும் என்று தொடர்கிறது. வேசியின் பாட்டு என்று கேலியும் உண்டு, திருந்திவிட்டது என்று பூசி மெழுகவில்லை. ஆனால் கடைசி வசனம்: அந்த வருமானம் பூட்டி வைக்கப்படாது, கர்த்தருக்கு முன்பாக வாசமாயிருப்பவர்கள் திருப்தியாய்ச் சாப்பிடவும் நல்ல துணி உடுத்தவும் ஆகும். அதே சரக்கு, அதே துறைமுகம். பெட்டிச் சாவி மட்டும் கை மாறுகிறது.

அப்புறம் மத்தேயு 11: தீருவிலும் சீதோனிலும் இந்தப் பலத்த செய்கைகள் நடந்திருந்தால் அப்பொழுதே மனந்திரும்பியிருப்பார்கள். இயேசு இதைச் சொல்வது கோராசீன், பெத்சாயிதா என்ற யூத ஊர்களைப் பார்த்து. தீரு விழுந்ததைப் பல தலைமுறையாகப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து.

பவுல் ஏழு நாள் தங்கினார் என்றேனே, புறப்படும்போது சீஷர்கள் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் பட்டணத்துக்கு வெளியே வந்து கடற்கரையில் முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறார்கள். அந்தப் பெண் கை தூக்கிக் கேட்டது அந்தக் கரையைப் பற்றித்தான். நான் அங்கே வெறும் பாறையை வரைந்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 21, மாலை 4.35

தனியாகக் கேட்டவருக்கு: ஆமாம், அந்தப் போட்டி அச்சக முதலாளியைப் போய்ப் பார்த்தேன். மூடிய இரண்டாவது வருடத்தில். பென்சில் கதையைச் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை. காகிதம் வெட்டும் இயந்திரத்தை யாரிடம் விற்றீர்கள் என்று கேட்டேன். "உங்களிடம்தான், தரகர் சொல்லவில்லையா?" என்றார்.

பிப்ரவரி 22, காலை 7.15

அடுத்து நாகூமைத் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். தொடங்கலாம். அதற்கு முன் யோனா 4-இன் கடைசி வசனத்தைப் படித்துவிட்டு வாருங்கள். அதே நினிவேதான். வலக்கை இடக்கை தெரியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எண்ணிவிட்டு, அங்கிருந்த மிருகஜீவன்களையும் கர்த்தர் கணக்கில் சேர்த்திருக்கிறார்.